ஒரே பேர்ல பல சிப்பாய்... இதுல நம்ம பூட்டன் யாரு? பழைய போர்ப் பதக்கத்தை வெச்சு கண்டுபிடிப்பது எப்படி?

திசையன்விளை, ராதாபுரம், உவரி என எந்த ஊராக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பதக்கம் கிடக்கிறதா? முதல் உலகப்போரில் (1914-18) இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். அதில் உங்கள் பூட்டன் எங்கே போனார் என்பதற்கு அந்தப் பதக்கமே துப்பு.

எங்கே பார்க்கணும்?

பதக்கத்தின் விளிம்பை. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 'பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்' பொதுவாக வெள்ளி. தொழிலாளர் படையில் போன இந்தியர்களுக்கோ வெண்கலம். வெள்ளிதானே என்று நகைக்கடையில் உருக்கக் கொடுத்துவிட்டால், அந்த ஒரு வரி ஆதாரமும் போச்சு. முதலில் விளிம்பைப் போட்டோ எடுத்து வையுங்க.

பெயரை வெச்சு தேடினா போதாதா?

போதாது. பிரிட்டிஷ் ஆவணங்கள் குடும்பப் பெயரை முன்வைத்து அடுக்கப்பட்டவை. நமக்கு அப்படியொரு பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அதனால் இரண்டு சிப்பாய்களுக்கு 'குடும்பப் பெயர்' ஒன்றாக இருந்தால் அவர்கள் பங்காளிகள் என்று அர்த்தமில்லை. நெல்லைப் பக்கம் ஒரே தெருவிலேயே நாலு சுடலைமுத்து, மூணு இசக்கிமுத்து இருப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தானே!

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. 'முத்து'வை எம்-யூ என்றும் எழுதியிருப்பார்கள், எம்-டபுள் ஓ என்றும் எழுதியிருப்பார்கள். நடுவில் ஒரு டி, இரண்டு டி, டி-எச் எதுவும் வரலாம். திருநெல்வேலியை 'டின்னவேலி' என்றுதான் தேடணும்.

அப்போ எதை நம்புவது?

படை எண்ணையும் படைப்பிரிவையும் சேர்த்து. அந்தக் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக எண் கொடுத்ததால், எண் மட்டும் போதாது.

உதாரணத்துக்கு, நம்ம பாளையங்கோட்டை பெயரிலேயே '63-வது பாலம்கோட்டா இலகு காலாட்படை' இருந்தது. 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவில் உள்ள டாங்காவில் நடந்த சண்டையில் அது இறங்கியது. பிரிட்டிஷ் தரப்பு தோற்றுப் பின்வாங்கியது. ஆனால் படையின் பெயர் பாளையங்கோட்டை என்பதால் அதில் இருந்த எல்லோரும் நெல்லைக்காரர்கள் அல்ல. நெல்லைக்காரர் சென்னை சாப்பர்ஸ் போன்ற வேறு படையிலும் இருந்திருக்கலாம்.

எங்கே தேடலாம்?

* லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம்: முதல் உலகப்போர் பதக்க அட்டைகள் இருக்கின்றன. இந்தியப் படையினரில் ஒரு பகுதியினருக்குத்தான் அட்டை உண்டு.
* காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்: போரில் இறந்தவர்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய இதுதான் பெரிய உதவி.

பெயர் கிடைக்கலைன்னா?

போகவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீங்க. உயிரோடு திரும்பியவர் இறந்தோர் பட்டியலில் இருக்க மாட்டார். இறந்தவர்களிலும் எல்லோருக்கும் பெயர் பொறிக்கப்படவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களை மட்டும் செதுக்கி, சாதாரணச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகக் குறித்தார்கள். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் உட்பட குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்று அந்த ஆணையம் அமைத்த குழுவே 2021-ல் ஒப்புக்கொண்டது.

அதனால் பெயர் மட்டும் பொருந்தினால் "இவர்தான் எங்க பூட்டன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டாம். எண், படைப்பிரிவு, அப்பா பெயர், ஊர் ஆகிய நாலில் மூணாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்க. இல்லையென்றால், வேறொரு வீட்டுப் பிள்ளையை நம் வீட்டுச் சுவரில் மாட்டி மாலை போட்டதாகிவிடும்.