துணிக்கேற்ற மரம்

புத்தளத்து உடப்பு, முந்தல் பக்கத்தில் சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கினால் துணிக்கடைக்குப் போகுமுன் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். மருத்துநீர் வைக்கும் நேரம், கைவிசேட நேரம் இவற்றோடு உடுக்கவேண்டிய நிறமும் அதில் இருக்கும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொன்றும் சொல்லி வீட்டில் வாக்குவாதம் மூள்வதும் உண்டு. சிங்களவர்களின் சுபநேரப் பட்டியலும் அடுப்பு மூட்டும்போது எந்த நிறம் உடுப்பது என்று தனியாகச் சொல்லும். ஆக, புத்தாண்டுக் குடும்பப் படத்துக்கு நிறம் தெரிவுசெய்யும் வேலையில் பாதியைச் சோதிடர் முடித்துவிடுகிறார். நமக்கு மிச்சம், எந்த மரத்தடியில் நிற்பது என்பதுதான்.

இளவேனில் படம் என்றதும் இணையத்தில் கிடைக்கிற ஆலோசனை ஒன்றே ஒன்று: வெளிர் ரோஸ், வெளிர் நீலம், கிரீம். செரிப்பூ பூக்கும் குளிர்நாட்டு வெளிச்சத்துக்கு அது சரி. புத்தளத்தில் உப்பளமும் வெள்ளை, வெயிலேறினால் வானமும் வெள்ளை. போன் கமரா வெளிறிய துணியைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்காகக் கூட்டினால் துணி வெறும் திட்டாகிவிடும். நம்முடைய மேனிக்கும் வெயிலுக்கும் அடர்நிறங்களே எடுக்கும். அரக்கு, மயில்கழுத்து, இலைப்பச்சை, நாவற்பழ ஊதா என்று பட்டுக்கடையில் பெயர் சொல்லிக் கேட்கிற நிறங்கள் இருக்கையில் கிரீமுக்கு ஏன் போகவேண்டும்?

களப்போரத்துப் பூவரசைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அன்று விரிந்த பூ எலுமிச்சை மஞ்சள். உள்ளே அடியில் அரக்குத் திட்டு. பொழுது சாயச் சாய அதே பூவில் செம்மை ஏறும். ஒரே கொப்பில் இன்றைய மஞ்சளும் நேற்றைய செம்மையும் சேர்ந்திருக்க, பின்னால் கரும்பச்சை இலை. பூ குறைவு, இலை அதிகம் என்பதால் இங்கே பூவின் நிறத்தையே உடுக்கலாம். பிள்ளைக்கு மஞ்சள் சட்டை, அம்மாவுக்கு அரக்குச் சாறி, அப்பாவுக்கு வெள்ளை வேட்டி போதும்.

கொன்றையில் அது எடுபடாது. மரம் முழுக்க மஞ்சளாகத் தொங்கும்போது மஞ்சள் உடுத்தவர் படத்தில் காணாமற்போவார். அங்கே நீலமும் ஊதாவும் நிற்கவேண்டும். சிவப்பும் நன்றாகவே எழும்பும். முள்முருக்கு பூக்கையில் பெரும்பாலும் இலை இருக்காது. வானத்தில் சிவப்பு மட்டும் குத்திட்டு நிற்கும். பஞ்சாங்கம் சிவப்பென்றால் முருக்கை விட்டுக் கொன்றைக்குப் போங்கள். மஞ்சளென்றால் முருக்குக்கு வாருங்கள். ஆனால் புதுப்பட்டோடு அதில் சாய்ந்துவிடவேண்டாம். பெயரிலேயே முள் இருக்கிறது.

வெள்ளைதான் கரைச்சல். உயிர்த்த ஞாயிறுக்கு வெள்ளை உடுத்தித் தேவாலயத்தால் வரும் சிலாபத்துக் குடும்பத்துக்கும், பஞ்சாங்கம் வெள்ளை சொன்ன வீட்டுக்கும் இது பொது. அடர்ந்த இலைக்குக் கீழே நின்றால் பச்சை வெளிச்சம் துணியில் படியும். வேட்டி பாசி பிடித்ததுபோல் தெரியும். நிழல் விழும் ஓரத்தில், திறந்த வானம் முகத்துக்கு நேரே இருக்கும்படி நில்லுங்கள்.

நேரத்தையும் சொல்லவேண்டும். ஏப்ரல் 10, 11 அளவில், பகல் 12.12 மணியளவில், புத்தளத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இலங்கையில் எந்த ஊருக்கு எப்போது உச்சம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அந்த நாட்களில் மத்தியானப் படத்தில் எல்லோருடைய கண்ணும் குழிக்குள் போயிருக்கும். எந்த நிறமும் காப்பாற்றாது. நமக்குக் கடல் மேற்கே. நாலரைக்குப் பிறகு வெயில் அந்தப் பக்கமிருந்து சரிந்து முகத்தில் விழும். அது துணியின் நிறத்தையும் மாற்றும் என்பதை மறக்கக்கூடாது: வெள்ளை தேன்நிறமாகும், மஞ்சள் செம்மஞ்சளாகும், நீலம் கொஞ்சம் மங்கும்.

2024இல் நோன்புப் பெருநாள் வந்து சில நாளில், ஏப்ரல் 13இல், வருஷப்பிறப்பு. அப்படி இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை தையற்காரர்களுக்குத் தூக்கமில்லை. ஒரே துணியில் குடும்பம் முழுவதற்கும் சட்டை தைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பா, மகன், மகள் மூவருக்கும் ஒரே பூப்போட்ட சீலை என்றால் படத்தில் சீலைதான் தெரியும், பிள்ளைகள் தெரியமாட்டார்கள். இரண்டு நிறத்தை எடுத்து, கரையிலும் சட்டையிலும் தாவணியிலும் பிரித்துக் கொடுங்கள். பெரிய பூப்போட்ட துணி ஒருவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு வெறும் நிறம். பின்னால் மரமே பூப்போட்டு நிற்கிறதே!

ஒரு வேண்டுகோள். படத்துக்காகக் கொன்றைக் கொப்பை முறித்துப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். அது கோயிலுக்குப் பறிக்கிற பூ. அடுத்த வீட்டுக் குடும்பமும் அதே மரத்தடிக்குத்தான் வரவேண்டும்.