பிரிக்கப்படாத புத்தகக் கட்டு

நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் தெருப் பெண் ஒருத்தி, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தாள். தபாலில் வந்த புத்தகக் கட்டு பிரிக்கப்படாமலே பரணில் ஏறியது. கல்லூரி வகுப்பு என்றால் 'ஏன் வரவில்லை?' என்று ஒரு குரலாவது கேட்டிருக்கும். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. சந்தேகம் தீர்க்கவும் ஆளில்லை. அப்பா, அம்மா கைநாட்டு.

2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது நம்மவர்களுக்கு ஒரு வாசல்தான். ஆனால் சேர்வது எளிது, நீடிப்பதுதான் பாடு.

செயற்கை நுண்ணறிவு இதில் உதவுமா? உதவும். நன்னூல் நூற்பா ஒன்றைப் பேச்சுத் தமிழில், பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காமல் விளக்கும். (தப்பாகவும் சொல்லும். புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.) இணையவழியில் படிப்பவர் மூன்று வாரமாகப் பாடத்தைத் திறக்கவில்லை என்றால் அதையும் காட்டிக்கொடுக்கும்.

நமக்குப் பயம் அங்கேதான். 'இவர் தேற மாட்டார்' என்று ஒதுக்கவும் அதே கணக்கு போதும். நம்மை அப்படி ஒதுக்கியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். பெயர் தெரிந்ததும் படிப்பு மையத்திலிருந்து ஒருவர் போன் செய்ய வேண்டும், முடிந்தால் தெருவுக்கே வர வேண்டும். கொரோனாவுக்குப் பின் 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தார்களே, அப்படி.

அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகப் போன் இல்லை. அண்ணன் போன் ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வரும். இப்போது ஞாயிறு மதியம் படிப்பகத்தில் நான்கு பேர் கூடி, அந்த ஒரே போனில் கேள்வி கேட்கிறார்கள். புத்தகக் கட்டைப் பிரித்துவிட்டாள்.