இறுவட்டில் ஒலியேற்றுங்கால் நேரும் பிழைகள்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கரையில், கடனீரேரியை அணைத்துக் கிடப்பது குருநகர். கரையூர் என்பது அதன் பழைய பெயர். கடற்றொழிலும் புனித யாகப்பர் ஆலயமும் போலவே நாட்டுக்கூத்தும் அவ்வூருக்கு உரிய அடையாளமாகும். விடியவிடிய ஆடப்பெறும் கூத்து, தவக்காலத்தில் உள்ளம் உருக ஓதப்பெறும் வியாகுலப் பிரசங்கம், திருநாட் பாடல்கள் ஆகியவற்றை மக்கள் நெடுங்காலம் செவிவழியாகவே காத்து வந்தனர். பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த சிறிய ஒலிநாடாப் பேழை இந்நாட்டிற் பரவிய பின்னர், அத்தகைய குரல்கள் நாடாவிலும் ஏறின. பாடிய அண்ணாவிமார் பலர் மறைந்துவிட்டனர். நாடாக்கள் அலுமாரியின் மேற்றட்டில் எஞ்சியிருக்கின்றன.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் நாடாவுக்குப் பகை. அதன்மேற் பூசிய காந்தப்பொடி உதிரும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே பாரிசிலோ தொறொன்றோவிலோ வாழும் பேரன், "அப்புவின் குரலை நல்ல தரத்தில் இறுவட்டாக்கி அனுப்புங்கள்" என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஊரிலுள்ள இளைஞர் ஒருவர் கணினியின் முன் அமர்கிறார். முதல் இறுவட்டுப் பாழாகிறது, இரண்டாவதும் பாழாகிறது. ஒவ்வொரு முறையும் நாடாவைத் திரும்ப ஓட்டுகிறார். ஓட்டுந்தோறும் நாடா தேய்கிறது என்பதை அவர் எண்ணுவதில்லை. இறுவட்டின் விலை சொற்பம், போனாற் போகட்டும். நாடாவை எந்தக் கடையில் வாங்குவது?

ஆதலின் முதல் விதி, நாடாவை ஒருமுறையே ஓட்டி, அந்த ஒருமுறையிலேயே மிக உயர்ந்த தரத்திற் கணினியில் ஏற்றிவிடுதல். அதன்பின் எத்தனை இறுவட்டுக்கள் பாழாயினும் நாடாவைத் தொடவேண்டுவதில்லை.

உயர்ந்த தரம் என்பது யாது? ஒலி ஓர் அலை. கணினி அவ்வலையைக் கணந்தோறும் அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. சாதாரண இசை இறுவட்டில் அது ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங் கொண்ட இருமை எண்ணாக எழுதுகிறது. அஃதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு 65,536 படிகள் உண்டு. உயர்தர இறுவட்டில் விநாடிக்கு 96,000 முறை அளந்து 24 இலக்கத்தில் எழுதுவது வழக்கம். படிகள் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கும் மேலாகின்றன. 192,000 முறை அளப்பதும் உண்டு.

பழைய நாடாவுக்கு இத்தனை நுட்பம் வேண்டுமோ என்று சிலர் நகைப்பர். அந்நகைப்பிற் பாதி நியாயம் உண்டு. வீட்டு ஒலிநாடாவில் மனிதச் செவி கேட்கும் மேலெல்லை வரையிலான ஒலிகூட முழுமையாக ஏறியிருப்பதில்லை. ஆகவே 192,000 என்பது இங்கு வீண் ஆடம்பரமே. ஆனால் 24 இலக்கம் ஆடம்பரமன்று. மத்தளம் திடீரென முழங்கும்போது ஒலி எல்லை மீறிச் சிதையாதவாறு, பதிவைச் சற்றுத் தாழ்ந்த மட்டத்தில் வைத்துக்கொள்ள அது இடந்தருகிறது. பின்னர் இரைச்சலை நீக்கும்போதும் குரல் நைந்துபோகாது. ஒலி ஆவணக் காப்பாளரின் சர்வதேசச் சங்கமும் 48,000 முறை, 24 இலக்கம் என்பதைக் குறைந்த அளவாகவும், 96,000 முறை என்பதைச் சிறந்த அளவாகவும் பரிந்துரைத்திருக்கிறது.

இனிப் பிழைகளுக்கு வருவோம். இறுவட்டுப் பாழானதும் பலர் தட்டையே நோவர். வேறு தட்டு வாங்கி மீண்டும் முயல்வர். வைத்தியர் காய்ச்சலைக் கண்டவுடன் மருந்து எழுதுவதில்லை. அது எப்போது தொடங்கியது என்று கேட்கிறார். இங்கும் அதுவே முறை. இறுவட்டு ஆக்குதலில் மூன்று கட்டங்கள் உள. ஒலிக்கோப்பை ஆயத்தஞ் செய்தல் ஒன்று. அக்கோப்புக்களை ஒலிக்கருவி அறியக்கூடிய அமைப்பில் அடுக்குதல் இரண்டு. ஒளிக்கற்றையால் தட்டில் எழுதுதல் மூன்று. பிழை எந்தக் கட்டத்தில் வெளிப்படுகிறது என்று கண்டால், காரணம் அக்கட்டத்திலோ அதற்கு முந்திய கட்டத்திலோ இருக்கும். பிந்திய கட்டத்தைத் தேடிப் பயனில்லை.

அடுக்கும் மென்பொருள் கோப்பைத் தொடக்கத்திலேயே ஏற்க மறுக்கின்றதெனில், தட்டு அதற்குப் பொறுப்பன்று. ஓடாசிட்டி போன்ற மென்பொருள்கள் தம் வேலை வசதிக்காக ஒலியை 32 இலக்கத் தசம மிதவை எண்களாக வைத்துக்கொள்கின்றன. டீவீடி ஒலித்தட்டின் விதியோ 16, 20, 24 என்னும் மூன்றையே அறியும். கோப்பை வெளியேற்றும்போது 24 இலக்க முழுவெண் எனத் தெரிவுசெய்தாற் பிணக்குத் தீரும். அளக்கும் வேகத்திலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. 44,100, 48,000 என்னும் எண்களும் அவற்றின் இருமடங்கும் நான்மடங்குமே அனுமதிக்கப்பட்டவை.

இரவு முழுதும் ஆடிய கூத்துக்கு வேறொரு தொல்லை வந்து சேரும். வேவ் எனப்படும் ஒலிக்கோப்பு, தன் நீளத்தைக் குறிக்கும் எண்ணின் சிறுமை காரணமாக, ஏறத்தாழ 430 கோடி பைற்றுக்கு மேல் வளர இயலாது. 96,000 முறை, 24 இலக்கம், இரு செவிக்கும் தனித்தனி ஒலி என்று கொண்டால், ஒரு விநாடிக்கு 576,000 பைற்று ஆகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 2 மணி 4 நிமிடத்தில் அவ்வெல்லை வந்துவிடும். மூன்று மணிநேரக் கூத்தை ஒரே கோப்பாக வெளியேற்றியவர், பிற்பகுதி காணாமற் போயிற்றென்று திகைப்பது இதனாலேயே. 470 கோடி பைற்றுக் கொள்ளும் தனியடுக்கு டீவீடியிலும் இந்தத் தரத்தில் 2 மணி 16 நிமிடமே அடங்கும். ஆகவே கூத்தை முன்கூட்டியே பகுத்துக்கொள்ளுதல் நன்று.

பகுக்கும் இடத்திலும் கவனம் தேவை. பாட்டும் தாளமும் ஓடிக்கொண்டிருக்கையில் வெட்டினால், ஒரு தடத்திலிருந்து மறுதடத்துக்குச் செல்லுங்கால் "டிக்" என்றோர் ஒலியோ சிறு மௌனமோ நேர்ந்து, தாளம் தவறியதுபோல் தோன்றும். கட்டியக்காரன் பேசி நிறுத்தும் இடமோ, அண்ணாவியார் மூச்சு வாங்கும் இடமோ பார்த்து வெட்டவேண்டும். அத்தகைய இடம் வாய்க்காதாயின், தடங்களாக வெட்டாது, ஒரே தடத்தினுள் அத்தியாயக் குறிகளை மட்டும் இடலாம். ஒரு தடம் 48,000 முறையும் அடுத்த தடம் 96,000 முறையுமாகக் கலந்து அடுக்குவதும் ஆகாது. ஒவ்வொரு மாற்றத்திலும் கருவி தன்னைத் திருத்திக்கொள்ள ஒருகணம் ஊமையாகிவிடும்.

குரல் வேறொருவர் குரல்போல் ஒலிக்கின்றது என்னும் முறைப்பாடு தனியே ஆராயத்தக்கது. 44,100 முறை அளந்த கோப்பை 48,000 என்று தவறாகக் குறித்துவிட்டால், குரல் ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு உயர்ந்து, கூத்தும் விரைந்து ஓடும். 48,000 ஐ 96,000 எனக் குறித்தால் ஒரு ஸ்தாயியே ஏறிவிடும். அரசன் கிளிபோற் பேசுவான். இப்பிழை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக நிற்பதால் எளிதிற் கண்டுபிடிக்கலாம். குறிப்பைத் திருத்தினாற் போதும்.

குரல் தொடக்கத்திற் சரியாயிருந்து, போகப்போக மெல்ல மெல்ல உயருமாயின், கணினியைக் குற்றஞ் சொல்லலாகாது. காரணம் நாடாவிலேயே உள்ளது. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோய், பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களான காலத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. வலுக்குறைந்த பற்றரியிற் பதிவுசெய்யும்போது, நேரஞ் செல்லச்செல்ல நாடா மெதுவாக நகர்ந்திருக்கும். அதனை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயர்ந்து கேட்கும். பின்னணியில் ஆர்மோனியம் ஒலிக்குமாயின் நல்லூழ். அதன் சுரம் பற்றரியோடு மாறுவதில்லை. அச்சுரத்தை அளவுகோலாகக் கொண்டு வேகத்தைப் படிப்படியாகத் திருத்தலாம். திருத்திய பிரதியோடு திருத்தாத பிரதியையும் வைத்திருத்தல் வேண்டும். நாளை ஒருவர் இன்னும் நன்றாகத் திருத்தக்கூடும்.

இரண்டாங் கட்டத்துப் பிழைகள் வெட்கந்தரும் அளவுக்கு எளியவை. தட்டு முழுமையாக எழுதப்பட்டிருக்கும், கணினியில் ஓடும், வீட்டு டீவீடிக் கருவியோ "தட்டு இல்லை" என்று கையை விரிக்கும். டீவீடியில் ஒலிக்கு ஓடியோ டீஎஸ் என்றும், படத்துக்கு வீடியோ டீஎஸ் என்றும் இரு உறைகள் உண்டு. அவை தட்டின் தலைவாயிலிலேயே இருத்தல் வேண்டும். வேறோர் உறைக்குள் அவற்றை இட்டு எழுதினால், வாயிலிற் பெயரைக் காணாத கருவி திரும்பிப் போய்விடும். தட்டின் முழுப்படிமமாக வரும் ஒரே கோப்பை விரித்து எழுதாமல், அக்கோப்பையே ஒரு கோப்பாக எழுதிவிடுவதும் அடிக்கடி நிகழ்வது. தட்டைத் திறந்து பார்க்கும்போது தனியொரு கோப்பு மட்டுந் தெரிந்தால் அதுவே நோய்.

கருவியின் இயல்பையும் அறியவேண்டும். டீவீடி ஒலித்தட்டின் விதிகள் 1999 ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வகை பெரும் வரவேற்புப் பெறாமலே மங்கிவிட்டது. அதனை வாசிக்கும் கருவிகள் அரியவை. சாதாரண டீவீடிக் கருவி ஓடியோ டீஎஸ் உறையைத் திறந்தும் பாராது. ஆனால் படத் தட்டின் விதியிலும் 96,000 முறை, 24 இலக்க இருசெவி ஒலிக்கு இடமுண்டு என்பதைப் பலர் அறியார். ஓர் அசையாப் படத்தை வைத்து, அதனோடு அந்த ஒலியைச் சேர்த்து வீடியோ டீஎஸ் உறையில் இட்டால், எங்கும் உள்ள கருவிகளில் அது ஒலிக்கும். குருநகரிலிருந்து தொறொன்றோவுக்கு அனுப்புவோர்க்கு இதுவே ஏற்ற வழி. அருமையான தரம் என்று சொல்லிக்கொண்டு, எவரும் ஒலிக்கச் செய்ய இயலாத தட்டை அனுப்புவதால் யாருக்கு என்ன பயன்?

மூன்றாங் கட்டம் எழுதுதல். தட்டில் ஒருவகைச் சாயம் பூசப்பட்டுள்ளது. ஒளிக்கற்றை அதனைச் சுட்டு அடையாளமிடுகிறது. எழுதத் தொடங்குமுன் கருவி உள்விளிம்பிற் சிறிது எழுதிப் பார்த்து, ஒளியின் வலுவைத் தீர்மானித்துக்கொள்கிறது. வேலை தொடங்குமுன்னரே பிழைச்செய்தி வருமாயின், அச்சோதனை தோற்றது என்று பொருள். கருவியின் கண்ணாடியில் உப்பீரமும் தூசியும் படிந்திருக்கலாம், ஒளிவிளக்கு முதுமையுற்றிருக்கலாம், தட்டின் சாயம் அக்கருவிக்குப் பழக்கமற்றதாயிருக்கலாம். வேறு நிறுவனத்துத் தட்டொன்றை இட்டுப் பார்த்தால் மூன்றில் எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நடுவழியில் நின்றுபோதலுக்கு, கணினி ஒரே வேளையிற் பல வேலைகள் செய்து தரவை நேரத்துக்கு ஊட்டாமையே முன்னாளிற் காரணமாயிருந்தது. பிற்காலக் கருவிகள் காத்திருந்து தொடரக் கற்றுக்கொண்டன. மின்சாரம் நின்றாலோ அவை என் செய்யும்? 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. இடைமின்சேமிப்புக் கருவி இன்றி எழுதத் துணியலாகாது.

தொடக்கம் நன்றாயிருந்து இறுதியில் விக்கும் தட்டுக்கும் காரணம் உண்டு. டீவீடியில் எழுத்து உள்ளிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. கூத்தின் மங்களப் பகுதி வெளிவிளிம்பில் அமையும். விரற்பிடியும் கீறலும் வளைவும் மிகுதியாகப் படுவது அங்கேதான். தட்டை முழுவதும் நிரப்பாது, வெளிவிளிம்பிற் சிறிது இடம் விட்டு, வேகத்தைக் குறைத்து எழுதினால் பெரும்பாலும் குணமாகும். கடைசியில் தட்டை முடித்துவைக்கும் கட்டளையை மறந்தால், எழுதிய கணினி மட்டுமே அதனை வாசிக்கும்.

எழுதி முடிந்த தட்டை எழுதிய கருவியிலேயே சோதிப்பது, பரீட்சை எழுதிய மாணவனே விடைத்தாளைத் திருத்துவது போலாகும். வேறொரு கருவியில் இட்டு, ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் மூலத்தின் எண்ணோடு ஒப்பிடவேண்டும். கோப்பில் ஓர் இலக்கம் மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். செவி அவ்வளவு கூர்மையுடையதன்று.

இத்தனையும் சரியாக நடந்தபின்னரும் நாடாவை எறிதல் தகாது. எழுதிய தட்டின் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கும். அது எத்தனை ஆண்டு நிற்கும் என்று எவரும் உறுதி கூறார். ஸோனி நிறுவனம் பதிவு செய்யக்கூடிய புளூரே தட்டுக்களின் உற்பத்தியை 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. தட்டை வாசிக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. தட்டு, பேரனுக்கு அனுப்பும் பரிசு. மூலக்கோப்பு இரண்டு வன்தட்டுக்களில், இரண்டு வீடுகளில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம்.

தட்டின் மேற்புறத்திற் காகிதம் ஒட்டலாகாது; சுழலும்போது நிறை ஒருபுறம் சாயும், பசையும் நாளடைவிற் கேடு செய்யும். நீரிற் கரையும் மை கொண்ட மென்முனைப் பேனாவால் நடுவளையத்தில் ஓர் எண்ணை மட்டும் எழுதுக. கூத்தின் பெயர், ஆடிய இடம், ஆண்டு, அண்ணாவியாரின் பெயர், மத்தளம் வாசித்தவரின் பெயர் என்பவற்றை உறையிலுள்ள தாளிலும், தட்டினுள் ஒரு சிறு எழுத்துக்கோப்பிலும் குறித்துவிடலாம். இவ்விவரங்களைச் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே, ஒலியைப் போட்டுக் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.