வெப்பக் கருவிகளுக்குக் காவல் யார்?

மும்பை: தாதரில் ஒரு காலத்தில் வானளாவி நின்றவை பஞ்சாலைப் புகைபோக்கிகள். கோஹினூர் ஆலை நிலத்தில் இன்று உயர்மாடிக் கட்டடம் நிற்கிறது. இந்து மில் நிலம் அம்பேத்கர் நினைவிடத்துக்கு ஒதுக்கப்பட்டது. தாதரில் புகை அடங்கிவிட்டது. ஆனால், அங்கிருந்து மின்ரயிலில் எட்டிவிடக்கூடிய டோம்பிவிலி தொழிற்பேட்டையில் ஆபத்து அடங்கவில்லை.

2024 மே 23-ம் தேதி அங்குள்ள ரசாயன ஆலை ஒன்று வெடித்துச் சிதறியதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொதிகலன் வெடித்தது என்றே முதலில் கூறப்பட்டது. வெடித்தது வேதி உலை என்பது பின்னர் தெரியவந்தது. இறந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், சட்டத்துக்கு அப்படியல்ல.

1863-ல் கல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் விபத்தைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டே வங்கத்தில் சட்டம் வந்தது. 1923-ம் ஆண்டின் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2025-ல் புதிய சட்டம் நிறைவேற்றியது. ஏழு குற்றங்களில் மூன்றுக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது; உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நான்கு குற்றங்களுக்கு அது நீடிக்கிறது. பழுதுபார்ப்பைத் தகுதி பெற்றோரே செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஆனால், அது நீராவிக் கொதிகலன்களுக்கு மட்டுமே.

வேதி உலைகளையும் குளிரூட்டும் அமைப்புகளையும் கண்காணிப்பது தொழிற்சாலைச் சட்டங்களின் பொறுப்பு. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948-ம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக உயர்த்தியுள்ளது. தாராவி போன்ற இடங்களின் சிறு பட்டறைகளைத் தொழிற்சாலை என்ற வரையறை இனி எட்டுவது அரிது.

பெரிய நிறுவனங்களின் அனுபவமும் ஆறுதல் தரவில்லை. 2020 மே 7-ல் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் பலியாயினர். குளிரூட்டும் அமைப்பு தொடர்ந்து இயக்கப்படவில்லை. தொட்டியின் வெப்பமானி அடிப்பகுதியில் மட்டுமே இருந்ததால் மேலே ஏறிய வெப்பம் தெரியவில்லை. அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 1-ல், நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த அலகை மீண்டும் இயக்க முயன்றபோது கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நிறுத்துவதும், பழுதுபார்ப்பதும், மீண்டும் இயக்குவதுமே அதிக ஆபத்தான தருணங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது, அழுத்தத்தை வெளியேற்றுவது, ஆறும்வரை காத்திருப்பது, உள்ளே நச்சுவாயு இல்லை என்று சோதிப்பது ஆகியவை முடியும் முன் எவரையும் உள்ளே இறக்கக் கூடாது. உற்பத்தி தடைபடுகிறது என்று பாதுகாப்பு வால்வைக் கட்டிவைப்பதும், வெப்பமானியைப் புறக்கணிப்பதும் கொலைக்குச் சமம்.

இந்த வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர் தலையில் விழுகிறது. கருவிக்குப் பதிவுச் சான்று கேட்கும் அரசு, அதைக் கழற்றுபவனுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். எண்ணிக்கை 20-க்குக் குறைவு என்பதால் கொதிக்கும் உலை ஆறிவிடுவதில்லை.