கல்லில் இருக்கிறது முகவரி

கோவையிலிருந்து அவிநாசிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குக் கருமத்தம்பட்டி என்றால் சோமனூருக்குத் திரும்புகிற இடம். காடா துணி ஏற்றிய வண்டிகளும், பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களும் ஓயாத சாலை அது. அந்த ஊரில்தான் ஜெபமாலை அன்னையின் மாதா கோயில் நிற்கிறது. கொங்கு நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று இது. கோயிலுக்குப் பேராலயத் தகுதி கிடைத்தது 2019-ல்.

இப்படிப்பட்ட பழைய கோயில்களைச் சுற்றிப் புதிர் போட்டு, விடை கண்டவரை ஒரு சின்னப் பெட்டி வரை நடக்க வைக்கும் விளையாட்டு ஒன்று உலகமெங்கும் நடக்கிறது. அதற்குப் பெயர் ஜியோகேஷிங்.

2000 மே மாதத் தொடக்கம் வரை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பொதுச் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பி வந்தது. அந்தப் பிழையை நீக்கிய மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். கண்டுபிடிப்பவர் ஒரு பொருளை எடுக்கலாம், பதிலுக்கு ஒன்றை வைக்கலாம், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதலாம். சில நாட்களிலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இன்று உலகில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

ஒளித்து வைத்ததைத் தேடிக் கண்டெடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாகத் திரும்பிய சுந்தரரை, சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் உருவில் வந்து வழிமறித்துப் பறித்த இடம் அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள திருமுருகன்பூண்டி. பறிபோன பொருள் இருக்கும் இடத்தைச் சுந்தரரைக் கூப்பிட்டுச் சொன்னதால் அந்தப் பகுதிப் பிள்ளையாருக்கே கூப்பிடு விநாயகர் என்று பெயர் வந்தது என்கிறது தலக்கதை.

ஜியோகேஷிங்கில் கூப்பிட்டுச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். அதிலும் புதிர்ப் பெட்டி என்ற வகைக்கு வரைபடத்தில் கேள்விக்குறிதான் அடையாளம். அங்கே காட்டப்படும் புள்ளியில் பெட்டி இருக்காது. புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். பிரிட்டனில் கிராமத்து தேவாலயங்களை ஒட்டி மட்டும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் உள்ளன. கல்லறையில் பொறித்த ஆண்டு, மணிக்கூண்டில் உள்ள எண், வாசல் படிகளின் எண்ணிக்கை எல்லாம் அங்கே புதிருக்குத் துப்பு.

கருமத்தம்பட்டியை வைத்து அப்படியொரு புதிரைப் போட்டுப் பார்க்கலாம். மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் என்ற பிரெஞ்சுக் குரு 1842-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். கோவைப் பகுதியின் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஆயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டது இதே கருமத்தம்பட்டியில், 1846 அக்டோபர் 4 அன்று. உள்ளூர்க்காரர்களையே குருக்களாக்கிப் பொறுப்பில் அமர்த்த வேண்டும் என்று வாதாடியவர் அவர். பிற்பாடு இந்தியாவை விட்டுப் போய், 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859-ல் ஃப்ரீடவுனில் கால்வைத்த ஆறே வாரத்தில் காய்ச்சலில் இறந்தார். இன்று பல நாடுகளில் பணிபுரியும் ஒரு சபையைத் தொடங்கியவர் ஆயரான ஊர் இது என்பது, அன்றாடம் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதிர் அவர் ஆயரான அந்தத் தேதியிலிருந்தே பிறக்கும். ஆண்டின் கடைசி இலக்கம் 6. மாதம் 10, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1. நாள் 4. மூன்றையும் வரிசையாக வைத்தால் 614. அட்சரேகையில் கலைக்கு (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) பிறகு புள்ளி வைத்து எழுதும் மூன்று இலக்கங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலை என்பது தரையில் சுமார் 1.85 கிலோமீட்டர். கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டர்கூட நகராது. நடு இலக்கம் பிசகினால் பதினெட்டு மீட்டர், முதல் இலக்கம் பிசகினால் 185 மீட்டர் தள்ளிப் போய்த் தேட வேண்டியிருக்கும். ஆண்டைத் தவறாகப் படித்தவர் அடுத்த தெருவில் நிற்பார். அதனால் இந்த விளையாட்டில் கல்வெட்டை யாரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது.

கட்டுப்பாடுகளும் உண்டு. மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், பெட்டியின் மேல் அது என்னவென்று எழுதியிருக்க வேண்டும். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு பெட்டியைக் குண்டு என்று நினைத்து ராணுவ நிபுணர்கள் வெடிக்கச் செய்தார்கள். கூட்டம் கூடும் நம் வழிபாட்டுத் தலங்களில் பெட்டி வைப்பது சரிவராது. கேள்விகளைக் கோயிலில் வைத்துவிட்டு, அனுமதி பெற்ற வேறொரு இடத்தில் பெட்டியை வைக்கலாம். பெட்டியே இல்லாமல் விடையை மட்டும் அனுப்பும் வகைகளும் இருக்கின்றன. பள்ளி ஆசிரியர் ஒருவர் பங்குத்தந்தையிடம் பேசி, ஒரு சனிக்கிழமை மாணவர்களை அழைத்துப் போனால் போதும். நோட்டும் பேனாவும்தான் செலவு.

அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கேள்வியாக ஒன்றை வைக்கலாம்: 1846 அக்டோபர் 4 என்ன கிழமை? நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணினால் ஞாயிறு வரும். அக்டோபரின் முதல் ஞாயிறு. அந்தக் காலத்தில் ஜெபமாலை அன்னைக்கு விழா எடுத்த நாள்.