ஜார்ஜ்டவுன் நகர் மையத்தில் உணவகங்களும் சில்லறைக் கடைகளும்: சமநிலை குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு நகரின் மையப்பகுதி உயிர்ப்புடன் திகழ்வதற்கு வணிகமே அடிப்படையாகும். அவ்வணிகத்துள் சில்லறைக் கடைகளும் உணவகங்களும் இரு பெரும் பிரிவுகளாக அமைகின்றன. இவை ஒன்றையொன்று வளர்ப்பன. எனினும், ஒன்று அளவு மீறிப் பெருகுமாயின் மற்றொன்று இடமிழக்க நேரிடும். இவ்வுறவைப் பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய நகர்ப்பகுதியை, குறிப்பாகத் தமிழ் வணிகர் நிலைபெற்ற தெருக்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கடைத்தெருவின் வலிமை

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தை நிறுவிய காலந்தொட்டே தமிழ் முஸ்லிம் வணிகர்களும், அவர்களைத் தொடர்ந்து செட்டியார்களும் இங்கு வணிகம் நடத்தி வந்துள்ளனர். மார்க்கெட் தெருவைத் தமிழர் ‘கடைத்தெரு’ என்றே வழங்கினர். கீழே கடை, மேலே வீடு, முன்புறம் பேச்சு வழக்கில் ‘அஞ்சடி’ எனப்படும் ஐந்தடி நடைவழி என்பதே இங்குள்ள கடைவீடுகளின் பொது அமைப்பாகும். சேலை, நகை, பாத்திரம், மளிகை, பூமாலை, பூசைப்பொருள் அனைத்தும் நடக்கும் தொலைவிற்குள் கிடைக்கின்றன. திருமணத்திற்குச் சேலை எடுக்க வருவோர் ஒரு கடையோடு நின்றுவிடுவதில்லை. நான்கு கடை ஏறி இறங்கி, விலையையும் தரத்தையும் ஒப்பிட்டே வாங்குவர். ஆகவே, ஒரே வகைக் கடைகள் அடுத்தடுத்து அமைவது போட்டி மட்டுமன்று. வாடிக்கையாளரைக் கூட்டாக ஈர்க்கும் வழியுமாகும். அவ்வரிசை இடையில் அறுபடின் எஞ்சிய கடைகளும் நலிவுறும்.

உணவகத்தின் பங்கு

சேலை எப்போதோ வாங்கப்படுவது. உணவோ நாள்தோறும் வேண்டப்படுவது. எனவே, மக்களைத் தெருவிற்கு அடிக்கடி வரவழைப்பவை உணவகங்களே. கடைகள் அடைத்த பின்னரும் தெருவில் ஒளியும் நடமாட்டமும் நிலைக்க அவை துணைசெய்கின்றன. நாசி கண்டார் இந்நகரின் அடையாளமாகவே விளங்குகிறது. கேம்பெல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கப்பட்டதாகும். ஆயினும், உண்ண வந்தோர் அனைவரும் கடைக்குள் நுழைவதில்லை. இரவில் மட்டும் திறக்கும் உணவகங்கள் தொடர்ச்சியாக அமைந்தால், பகலில் அத்தெரு மூடிய கதவுகளின் வரிசையாகிவிடும்.

வாடகையும் மாற்றமும்

மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைக் குறைந்த அளவில் நிறுத்தியிருந்தது. அது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றிலும் விலகியது. 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. சுற்றுலா பெருகியபோது, பயணியர் நாடும் தொழில்களுக்கு உயர் வாடகை தரும் ஆற்றல் கூடியது. சிறிய இடத்தில் நாளுக்குப் பலமுறை இருக்கைகளை நிரப்பும் உணவகம் தரக்கூடிய வாடகையை, சரக்கை மாதக்கணக்கில் தேக்கி வைத்திருக்கும் பாத்திரக்கடை தர இயலாது.

இங்கு மற்றொன்றையும் கருதல் வேண்டும். கடையை உணவகமாக்கப் புகைபோக்கி, கழிவுநீர்க் குழாய், கொழுப்பு வடிகட்டி முதலியவற்றிற்குப் பெருஞ்செலவு ஆகிறது. அச்செலவை ஏற்ற இடம் பெரும்பாலும் அடுத்தும் உணவகத்திற்கே விடப்படும்; மீண்டும் கடையாவது அரிது. எனவே, தனித்தனியே நியாயமாகத் தோன்றும் மாற்றங்கள் பல சேர்ந்து தெருவின் இயல்பையே மாற்றிவிடுகின்றன.

சமநிலைக்கான வழிகள்

உணவகங்களைத் தடைசெய்வது தீர்வாகாது. வாங்க ஆளில்லாத கடையைச் சட்டத்தால் காப்பாற்ற முடியாது. ஆனால், உரிமம் வழங்கும்போது ஒரு கட்டடத்தை மட்டும் நோக்காது, தெருவின் முகப்பு வரிசை முழுவதையும் நோக்குதல் பயன்தரும். முதன்மைக் கடைவரிசையில் தரைத்தளத்தைச் சில்லறை வணிகத்திற்கு ஒதுக்கி, உணவகங்களை முனைகளிலும் குறுக்குத் தெருக்களிலும் ஊக்குவிக்கலாம். 2016இல் அரசிதழில் வெளியான ஜார்ஜ்டவுன் சிறப்புப் பகுதித் திட்டம், நிலப்பயன்பாட்டை நெறிப்படுத்தும் சட்ட அடிப்படையை ஏற்கெனவே தந்துள்ளது. பாரிஸ் மாநகரம் 2004இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், தன் சார்பு நிறுவனத்தின்வழி தரைத்தளக் கடைகளை வாங்கி, அருகிவரும் வணிகங்களுக்கு வாடகைக்கு விட்டது. இங்குக் கோயில், வக்ஃபு, சங்கம் ஆகியவற்றின் உடைமையிலுள்ள கடைவீடுகளும் இத்தகைய பணியை ஆற்றக்கூடும்.

முடிவுரை

ஜார்ஜ்டவுனின் மரபுச் சிறப்பு கட்டடங்களில் மட்டுமன்றி, அங்கு வாழும் பல்லினப் பண்பாட்டிலும் அடங்கியுள்ளது. சுவரையும் கூரையையும் விதிகள் காக்கின்றன; அதனுள் நிகழும் தொழிலை அவை தாமாகக் காப்பதில்லை. தீபாவளிக்கு விளக்கும், திருமணத்திற்குக் கூறைச்சேலையும், பூசைக்குக் குத்துவிளக்கும் வாங்க இயலாத கடைத்தெரு பெயரளவிலேயே கடைத்தெருவாகும். வாங்க வந்தவர் பசியாறவும், பசியாற வந்தவர் வாங்கவும் இடமளிக்கும் தெருவே நீடித்து நிற்கும் என்பது நம் துணிபு.