கோத்தா பாருவா, பேர்ல் ஹார்பரா? வரலாற்றுத் தாளுக்குப் பின் எழும் வாக்குவாதம்

எஸ்.பி.எம். வரலாற்றுத் தேர்வு முடிந்த கையோடு மாணவர்கள் விடைகளை ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளி வாசலில் ஆரம்பிக்கும் பேச்சு, பேருந்தில் தொடர்ந்து, இரவு வாட்ஸ்அப் குழுவில்தான் ஓய்கிறது. அவர்களின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ எடுத்திருந்தாலும் சரி.

பெரும்பாலும் சண்டை தேதிகளில்தான் வருகிறது. படிவம் 4 பாடநூலில் உலகப் போர்களும் ஜப்பானிய ஆட்சியும் ஒரே அத்தியாயத்தில் வருவதால், குழம்ப வாய்ப்பு அதிகம்.

ஜப்பானியர் முதலில் தாக்கியது எந்த இடத்தை? பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது 1941 டிசம்பர் 7. கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது டிசம்பர் 8. ஏழுக்குப் பிறகுதானே எட்டு, ஆகவே பேர்ல் ஹார்பர்தான் முதலில் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. அப்போது மலாயாவின் நேரம் ஹவாயியைவிட 18 மணி நேரம் முன்னால் இருந்தது. ஹவாயியில் 7ஆம் தேதி காலை சுமார் 7.48க்குக் குண்டு விழுந்தபோது, இங்கே 8ஆம் தேதி அதிகாலை 1.48. கோத்தா பாரு கடற்கரையில் சண்டை அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது. இரு தேதிகளும் சரி, வரிசைதான் தவறு.

போர் முடிந்த நாளும் அப்படியே. ஜப்பானியப் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தது 1945 ஆகஸ்டு 15. தோக்கியோ விரிகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலில் கையெழுத்தானது செப்டம்பர் 2. சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் சரணடைவை ஏற்றது செப்டம்பர் 12. மூன்று நண்பர்கள் மூன்று தேதி சொன்னாலும் மூன்றும் நடந்தவைதான். கேள்வி அறிவிப்பைக் கேட்டதா, கையெழுத்தைக் கேட்டதா என்பதே முக்கியம்.

இரண்டாம் தாளில் தேதியைவிடச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். தேர்வு மலாய் மொழியில். ‘செபாப்’ என்றால் காரணம், ‘கெசான்’ என்றால் விளைவு. முதல் உலகப் போரின் காரணம் கேட்டால் ஒருவர் 1914 ஜூன் 28இல் சரயேவோவில் நடந்த கொலையை எழுதுவார். இன்னொருவர் வல்லரசுகளின் கூட்டணிகளையும் ஆயுதப் போட்டியையும் எழுதுவார். முன்னது வெடிமருந்தில் விழுந்த தீப்பொறி, பின்னது பல ஆண்டுகளாகச் சேர்ந்த வெடிமருந்து. இருவருமே தவறாக எழுதவில்லை. ஆனால் காரணம் கேட்ட இடத்தில் போரின் விளைவுகளைப் பக்கம் பக்கமாக எழுதியவருக்குப் புள்ளி விழாது. மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இந்த விபத்து அதிகம் நேர்கிறது.

ஆகவே ஒப்பிட விரும்புவோர் நண்பரின் விடையோடு அல்ல, கேள்வித் தாளையும் பாடநூலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சண்டை பாதியாகக் குறையும். அதுவும் இரு தாள்களுக்கு இடையிலான ஓய்வில் வேண்டாம். கைவிட்டுப் போன தாளை இனி மாற்ற முடியாது. அடுத்த தாளுக்குள் கலக்கத்தோடு நுழைவதுதான் மிச்சம்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்புவதும் உண்டு. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று அவர்கள் சொல்லும்போது, அவர்களுடைய பெற்றோரிடம் கேட்ட மரவள்ளிக்கிழங்குக் கதையும் சயாம் மரண ரயில்பாதையும் சேர்ந்தே வரும். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை.